இருட்டில் படி தெரிகிறதா

ஏழாவது அறை
ஆகஸ்ட் 9

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் மருமகள் எழுதுவது. இங்கே நால்வரும் நலம். உங்கள் நலம், உங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையின் நலம், கடை வாசலில் குறுக்கே படுத்துக்கொண்டு எல்லாரையும் தாண்டிப் போகவைக்கும் அந்த நாயின் நலம், அனைத்தும் அறிய ஆவல்.

மேலே ஊர்ப் பெயர் இல்லையே என்று தேடாதீர்கள். முகவரி உறையின் பின்னால் இருக்கிறது, இங்கேயும் எழுத அலுத்துவிட்டது. அறைகளை எண்ணுவது சுலபம். கிளம்பி இரண்டு மாதத்தில் இது ஏழாவது. எல்லா அறையிலும் ஒரு கட்டில் ஆடுகிறது. ஆடுகிற கட்டில் எனக்கு.

போனில் பேசலாமே என்பீர்கள். நால்வருக்கும் ஒரே போன், அது அப்பாவின் சட்டைப் பையில். நான் உங்களோடு பேசினால் மூன்று பேர் கூட நின்று கேட்பார்கள். ஒட்டிய உறையை யாரும் பிரிக்க மாட்டார்கள்.

உலகத்தைச் சுற்றுகிறாயே, கொடுத்து வைத்தவள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். உங்களுக்கு ரொம்பப் பிடித்த பாட்டு ஒன்றை ஒரு நாளைக்கு நாற்பது தடவை போட்டு, ஒவ்வொரு தடவையும் "எப்படி இருக்கு? எப்படி இருக்கு?" என்று கேட்டால் உங்களுக்கு எப்படி இருக்கும்? அப்பா அதைத்தான் செய்கிறார். ஓர் அருவியின் முன்னால் நிறுத்தி, "என்ன தெரியுது, சொல்லு" என்றார்.

"தண்ணி" என்றேன்.

"அப்புறம்?"

"நிறையத் தண்ணி."

அவருக்கே கண் இருக்கிறது, பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே! அம்மாவிடம் சொன்னால், "விடு, ஆசையா கேக்கிறாரு" என்கிறாள். அம்மாவுக்கு எல்லாவற்றுக்கும் "விடு"தான்.

ஒன்றே ஒன்று மறந்துவிடாதீர்கள். பதினொன்றாம் வகுப்பில் என் இடத்தை ஒரு வருடம்தான் வைத்திருப்பார்கள். ஏப்ரல் முப்பதுக்குள் படிவம் கொடுக்கவேண்டும். "ஒரே வருஷம், அடுத்த ஜூன்ல வந்துடுறோம்" என்று அப்பா உங்கள் கடையில் வைத்துத்தான் சொன்னார். நீங்கள்தான் சாட்சி.

அன்புடன்,
உங்கள் மருமகள்


கடை
ஆகஸ்ட் 27

அன்பு மருமகளுக்கு,

அத்தையின் ஆசிகள். நானும் நலம், நாயும் நலம். நேற்று ஒருவர் அதன் வாலை மிதித்துவிட்டு, "கண்ணு தெரியலைன்னுதானேம்மா உங்க கடைக்கு வர்றேன்" என்று என்னிடமே சண்டை போட்டார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

உன் அப்பன் கேட்டால் சொல்லிவிட்டுப் போயேன். வாய் வலிக்கவா போகிறது? சின்ன வயதில் அவனுக்குக் கழுகுக் கண். மொட்டைமாடியில் நின்றுகொண்டு, தெருமுனையில் வரும் பேருந்தின் எண்ணைச் சொல்வான். நான் பேருந்தையே அப்போதுதான் பார்ப்பேன்.

கடைக்காரி புத்தி, ஒன்று கேட்கிறேன். சாயங்காலம் வெளிச்சம் மங்கியபின் உனக்குப் படி தெரிகிறதா? உன் தம்பி வாண்டுக்குத் தெரிகிறதா? ஏழு வயதுப் பிள்ளை, வாய்விட்டுச் சொல்லமாட்டான். நீ கவனித்து எழுது.

சாட்சிதான், மறுக்கவில்லை. ஏப்ரலுக்கு இன்னும் நாள் கிடக்கிறது.

இப்படிக்கு,
அத்தை


பதிமூன்றாவது அறை
அக்டோபர் 2

அன்புள்ள அத்தைக்கு,

நலம், நலமறிய ஆவல். உங்கள் கடிதம் எங்களைத் துரத்திக்கொண்டு மூன்று விடுதிகள் தாண்டி வந்து சேர்ந்தது.

இருட்டில் படி தெரிகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். இருட்டையே நான் பார்க்கவில்லை, அத்தை! ஐந்து மணிக்கு மேல் யாரும் வெளியே இருக்கக்கூடாது என்பது அப்பாவின் சட்டம். இந்த ஊரின் கடைத்தெருவே ஆறு மணிக்குத்தான் விழித்துக்கொள்கிறது. ஜன்னலில் நின்று சத்தத்தை மட்டும் கேட்கிறோம். சினிமாக் கொட்டகைக்கு வெளியே நின்று வசனம் கேட்பதுபோல.

இன்னும் சில சட்டங்கள் இருக்கின்றன. தரையில் பை வைக்கக்கூடாது. நாற்காலியை இழுத்தால் உடனே உள்ளே தள்ளவேண்டும். கூட்டத்தில் போகும்போது அப்பா என் பையின் வாரைப் பிடித்துக்கொள்வார். "நீ தொலைஞ்சிடுவே" என்கிறார். எனக்குப் பதினாறு வயது. தொலைந்தாலும் நானே கண்டுபிடித்து வந்துவிடுவேன்.

போன வாரம் மானமே போனது. விடுதிக்காரர் நல்ல மனிதர், எங்கள் பெட்டிகளை மூன்று மாடி தூக்கி வந்தார். போகும்போது அப்பாவிடம் கையை நீட்டினார். அப்பா அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நின்றாரே தவிர, கை கொடுக்கவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. கடைசியில் நான் ஓடிப்போய்க் குலுக்கினேன். "ஏம்ப்பா இப்படிப் பண்ணுனீங்க?" என்றால், "எதை?" என்கிறார்!

வேலையை விட்டதும் காரை விற்றதும் போதாது என்று மரியாதையையும் விட்டுவிட்டார் போலிருக்கிறது.

நொந்துபோன,
உங்கள் மருமகள்


கடை
நவம்பர் 20

அன்பு மருமகளுக்கு,

ஆசிகள். பதில் தாமதமாகிவிட்டது. கடையில் வேலை அதிகம்.

கை கொடுக்காததைப் பெரிதாக்காதே. உன் அப்பன் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், எதிலும் கவனம் இருக்காது. அவன் பையைப் பிடித்தால் பிடித்துக்கொள்ளட்டும். படி இறங்கும்போது நீ முன்னால் இறங்கு, அவசரப்படாதே.

வாண்டு விளையாடும்போது பந்தைப் பிடிக்கிறானா, தவறவிடுகிறானா? எந்தப் பக்கம் வந்தால் தவறவிடுகிறான்? எழுது.

அத்தை


பதினெட்டாவது அறை
டிசம்பர் 15

அன்புள்ள அத்தைக்கு,

இங்கே மூன்று பேர் நலம். நான் நலமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, கோபம்.

நேற்று சாப்பாட்டு மேஜையில் அப்பா வரைபடத்தை விரித்தார். விரித்த வேகத்தில் தண்ணீர் டம்ளர் கவிழ்ந்தது. வழக்கம்தான், அவர் கவிழ்க்காத டம்ளர் இந்தக் கண்டத்தில் இல்லை. ஈரம் காய்வதற்குள் சொல்லிவிட்டார்.

"இன்னும் ஒரு வருஷம் போகலாம்னு நினைக்கிறேன்."

"எங்கே போகலாம்னு?"

"பாக்காத இடம் எவ்வளவு இருக்கு!"

"பாத்த இடத்தையே நீங்க ஒழுங்கா பாக்கலைப்பா. எல்லாத்தையும் என்னைத்தானே சொல்லச் சொல்றீங்க?"

அப்பா வரைபடத்தை மடித்தார், தப்பான மடிப்பில். அம்மா, "விடு" என்றாள். எனக்கா அவருக்கா என்று தெரியவில்லை.

என் வகுப்புத் தோழிகள் இந்த வருடம் பதினொன்று முடிக்கிறார்கள். இடம் போனால், நான் பள்ளிக்கூடம் திரும்பும்போது அவர்கள் கல்லூரியில் இருப்பார்கள். நான் உங்களோடு தங்கிக்கொள்கிறேன், அத்தை. கடையைப் பெருக்குகிறேன், நாயைக் குளிப்பாட்டுகிறேன். படிவத்தை வாங்கி, பாதுகாவலர் என்ற இடத்தில் நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. ஆகஸ்டில் அப்பாவுக்குக் கழுகுக் கண் என்று எழுதினீர்கள். நவம்பரில் சின்ன வயதிலிருந்தே கவனம் இல்லாதவர் என்கிறீர்கள். இரண்டில் ஒன்றை முடிவு செய்துகொண்டு எழுதுங்கள். வாண்டு எல்லாப் பந்தையும் பிடிக்கிறான். ஊரில் எல்லாரும் "நலமா" என்றுதான் கேட்பார்கள். நீங்கள் மட்டும் ஏன் படி, பந்து என்று கேட்கிறீர்கள்?

மருமகள்


கடை
ஜனவரி 30

அன்பு மருமகளுக்கு,

ஆசிகள். மூன்று தடவை எழுதிக் கிழித்துப்போட்டு இதை எழுதுகிறேன்.

படிவம் வாங்கிவிட்டேன். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. கையெழுத்துப் போடுவது பற்றி யோசிக்கவேண்டும். நீ அங்கே இருப்பதும் தேவையாக இருக்கிறது. எப்படித் தேவை என்று கேட்காதே.

பொழுது போகவில்லை என்கிறாயே, ஒரு விளையாட்டு சொல்கிறேன். வாண்டு உன் எதிரே உட்கார்ந்து உன் மூக்கையே பார்க்கட்டும். விழியை அசைக்கக்கூடாது. இன்னொருவர் அவன் காதுக்குப் பின்னாலிருந்து ஒரு பென்சிலை மெல்ல முன்னால் கொண்டுவரவேண்டும். கண்ணில் பட்டதும் "வந்தாச்சு" என்று சொல்லவேண்டும். காதருகே சொன்னால் பத்து மதிப்பெண், கன்னத்தருகே வந்தபின் சொன்னால் ஐந்து. பிறகு நீ உட்கார், அவன் மூக்கைப் பார். ஜெயிப்பவருக்கு அத்தை கடையில் பிடித்த கறுப்புக் கண்ணாடி பரிசு. மதிப்பெண்களை மறக்காமல் எழுது.

அத்தை


இருபத்து மூன்றாவது அறை
மார்ச் 3

அத்தைக்கு,

நலமா என்று கேட்கப்போவதில்லை.

விளையாடினோம். எனக்குப் பத்து, வாண்டுக்குப் பத்து. அதோடு முடிந்திருக்கும். நீங்கள்தான் பரிசு என்று எழுதிவிட்டீர்களே! கறுப்புக் கண்ணாடி என்றதும் வாண்டு விடுவானா? நாங்கள் சமமாக நிற்கிறோம், இன்னும் யாரையாவது தோற்கடித்தால்தான் ஜெயித்த மாதிரி இருக்கும் என்று அப்பாவை இழுத்து வந்து உட்காரவைத்தான்.

அப்பா என் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாண்டு பென்சிலைக் கொண்டுவந்தான். காதைத் தாண்டியது. கன்னத்தைத் தாண்டியது. நான் அப்பா விளையாட்டுக் காட்டுகிறார் என்று நினைத்தேன். பென்சில் அவர் மூக்குக்கு நேரே வந்தபிறகு, "வந்தாச்சு" என்றார்.

"அப்பா அவுட்டு! முட்டை மார்க்!" என்று வாண்டு குதித்தான். அப்பாவும் சிரித்தார். துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"இன்னொரு தடவை, இந்தத் தடவை பாரு" என்று அப்பா உட்கார்ந்தார். உட்கார்ந்த உடனே "வந்தாச்சு!" என்றார்.

வாண்டு பென்சிலைத் தரையிலிருந்து இன்னும் எடுக்கவே இல்லை.

அம்மா குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். வெகுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

டம்ளர், பையின் வார், ஐந்து மணி, கை கொடுக்காதது, எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பார்க்க எனக்கு ஒரு பென்சில் தேவைப்பட்டிருக்கிறது. ஏழு மாதமாக அவரைத் திட்டி உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஏழு மாதமாக நீங்கள் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அப்பாவுக்கு என்ன?


கடை
மார்ச் 11

அன்பு மருமகளே,

விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். முதலில் என்னை மன்னித்துவிடு.

நீ எழுதியது சரி. உன் அப்பனின் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டு வருகிறது. ஒரு பேப்பரைச் சுருட்டிக் குழாய்போல ஆக்கி அதன் வழியாகப் பார். எதிரே நிற்கிறவனின் முகம் தெளிவாகத் தெரியும், அவன் கீழே நீட்டும் கை தெரியாது. வெளிச்சம் மங்கினால் அதுவும் போய்விடும். அந்தக் குழாய் வருடாவருடம் இன்னும் குறுகும். அதற்கு மருந்து இல்லை என்று பெரிய டாக்டர் சொன்னார். கண்டுபிடித்தது நான்தான், இதே கடையில், அவன் இரண்டாவது தடவையாகக் கண்ணாடி மாற்ற வந்தபோது. அதனால்தான் காரை விற்றான். அதனால்தான், தெரியும்போதே பார்த்துவிடலாம் என்று கிளம்பினான். பிள்ளைகளிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு போனான்.

எங்கள் அப்பாவுக்கும் இதுதான் இருந்திருக்கவேண்டும். கதவில் முட்டிக்கொள்வார். நாங்கள் கவனம் இல்லாத மனிதர் என்று கேலி செய்வோம். இது குடும்ப வழியாக வருவது. எனக்கு இல்லை. உனக்கும் வாண்டுக்கும் எப்படியோ என்றுதான் ஒவ்வொரு கடிதத்திலும் படி, பந்து என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்காமல் இருக்கவும் முடியவில்லை, ஏன் என்று சொல்லவும் முடியவில்லை.

இரண்டு பேரும் பத்து வாங்கியதைப் படித்துவிட்டுக் கடையைச் சாத்திக்கொண்டு அழுதேன். மேலே படித்தபிறகு அழக்கூடத் தோன்றவில்லை.

படிவம் இன்னும் இங்கேதான் இருக்கிறது. நீ வந்துவிட்டால் அவனுக்கு யார் என்று நினைத்தேன். அது என் தப்பு.

அத்தை


இருபத்து நான்காவது அறை
ஏப்ரல் 10

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. நாங்கள் நலம் என்று எழுதக் கை வரவில்லை. ஆனால் யாரும் காய்ச்சலில் படுத்திருக்கவில்லை.

அப்பாவிடம் நேராகக் கேட்டேன். விடுதியின் துணி காயப்போடும் மாடியில், மத்தியானம்.

"எப்ப இருந்துப்பா?"

"ரெண்டு வருஷமா."

"ஏன் எங்ககிட்ட சொல்லலை?"

"சொன்னா நீ பாவம் பாப்பே. அப்புறம் டம்ளரைக் கவுத்தா திட்டமாட்டே. நீ திட்டுற வரைக்கும் எனக்கு ஒண்ணும் ஆகலைன்னு இருக்கும்."

அழுகையும் வந்தது, எரிச்சலும் வந்தது. எரிச்சல்தான் முதலில் வெளியே வந்தது. "அருவி எப்படி இருந்துச்சுன்னு கேட்டீங்களே, நான் தண்ணின்னு சொல்லிட்டேனே! இனிமே யாரு திரும்பப் போய்ப் பாத்துட்டு வந்து சொல்றது?" என்று கத்தினேன்.

"நிறையத் தண்ணின்னும் சொன்னே" என்றார் அப்பா.

அத்தை, படிவத்தைக் கொடுக்காதீர்கள். ஒரு வருடம் போனால் போகட்டும், பள்ளிக்கூடம் எங்கும் ஓடிவிடாது. நான் அப்பாவோடு இருக்கிறேன். இதை அவரிடம் சொல்லவேண்டாம். நானாக ஆசைப்பட்டு இருப்பதாகச் சொல்லிக்கொள்கிறேன்.

மருமகள்


கடை
மே 2

என் அருமை மருமகளுக்கு,

நானும் நலம், நாயும் நலம். இது கோபத்தில் எழுதும் கடிதம்.

உன் கடிதம் ஏப்ரல் இருபத்தெட்டாம் தேதி வந்தது. முப்பதாம் தேதி படிவத்தைக் கொடுத்துவிட்டேன். மறந்துபோய்க் கொடுக்கவில்லை. உன் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

உனக்காக உன் அப்பன் மறைத்தான். அவனுக்காக நான் மறைத்தேன். எல்லாருக்காகவும் உன் அம்மா குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு அழுகிறாள். இப்போது நீயும் ஒரு பொய்யைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாயா? வாண்டு ஒருத்தன்தான் பாக்கி. அவனுக்கும் ஒரு ரகசியம் கொடுத்துவிட்டால் குடும்பம் பூர்த்தியாகிவிடும். இந்தக் குடும்பத்தில் ஒருவராவது தனக்கு என்ன வேண்டும் என்பதை வாயைத் திறந்து சொல்லித் தொலையுங்களேன்!

நானே ஆரம்பித்துவைத்தேன். உன் அப்பனுக்குப் போன் போட்டு உன் கடிதத்தை முழுசாகப் படித்துக் காட்டினேன். "இதை அவரிடம் சொல்லவேண்டாம்" என்ற வரியையும் சேர்த்து. நீ என்மேல் கோபப்படலாம், உனக்கு உரிமை இருக்கிறது.

கேட்டுவிட்டு அவன், "அக்கா, பள்ளிக்கூடம் என்னிக்குத் திறக்குது?" என்றான். ஜூன் ஐந்து என்றேன். "சரி" என்று வைத்துவிட்டான்.

வந்ததும் உங்கள் இருவரையும் பெரிய டாக்டரிடம் காட்டவேண்டும். பென்சிலை மட்டும் நம்பி உட்கார முடியாது.

சாயங்காலம் படி தெரிகிறதா?

அத்தை


இருபத்தாறாவது அறை
மே 21

அன்புள்ள அத்தைக்கு,

நால்வரும் நலம். இந்தத் தடவை நிஜமாக. நாங்கள் புறப்படும் தேதி ஜூன் இரண்டு. அப்பா போட்ட டிக்கெட், அம்மா சரிபார்த்தாள். என் கடிதத்தைப் படித்துக் காட்டியதற்கு உங்கள் மேல் கோபம்தான். அதை நேரில் வந்து தீர்த்துக்கொள்கிறேன். வாண்டுக்கும் சொல்லியாகிவிட்டது. "அப்ப கறுப்புக் கண்ணாடியை அப்பாவே வெச்சுக்கட்டும்" என்று பெரிய மனது பண்ணியிருக்கிறான்.

முந்தாநாள், கிளம்பி வந்த இத்தனை மாதத்தில் முதல்முறையாக, ஐந்து மணிக்கு மேல் வெளியே இருந்தோம். அப்பாதான் கேட்டார். இங்கே ஒரு குன்று இருக்கிறது. ஏறிப்போய் உச்சியில் உட்கார்ந்தோம். கீழே ஊரில் ஒவ்வொரு விளக்காக எரிய ஆரம்பித்தது.

"என்ன தெரியுது, சொல்லு" என்றார்.

சொன்னேன். ஒரு சலவைக்கடை, அதன் கதவு பாதி இறங்கியிருக்கிறது. மூன்றாவது மாடியில் ஒரு பெண் திரைச்சீலையை மாட்டுகிறாள், ஒரு வளையம் விட்டுப்போயிற்று, இன்னும் கவனிக்கவில்லை. தெருவில் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறார், ஏறினால் சீக்கிரம் போகலாம், ஏனோ ஏறவில்லை. தொண்டை வறளும்வரை சொன்னேன். அப்பா நடுவில், "அந்தப் பொண்ணு கவனிச்சுட்டாளா?" என்று மட்டும் கேட்டார்.

இறங்கும்போது நன்றாக இருட்டிவிட்டது. கல்படிகள். அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டார், பையின் வாரை இல்லை. வாண்டு அம்மாவை இழுத்துக்கொண்டு முன்னால் குதித்துக்குதித்து இறங்கினான். நான் எண்ணிச் சொல்லிக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டு என் உயிரை வாங்கினீர்களே, இதோ பதில். எனக்குத் தெரிந்தது. வாண்டுக்கும் தெரிந்தது. டாக்டர் என்ன சொல்வாரோ, இன்றைக்குத் தெரிகிறது.

அறுபத்தொன்று என்று சொல்லி, "அவ்வளவுதான்ப்பா, இனிமே சமதரை" என்றேன். இன்னும் ஒரு படி இருந்தது. அப்பா தடுமாறி என்மேல் விழுந்து, நான் சுவரில் விழுந்து, இருவருக்கும் முழங்கை சிராய்த்துவிட்டது.

"அறுபத்திரண்டு வரைக்கும் ஒழுங்கா எண்ணத் தெரியலை, உனக்கெல்லாம் எதுக்கு பதினொண்ணாங் கிளாஸ்!" என்று அப்பா நடுத்தெருவில் நின்று என்னைத் திட்டு திட்டென்று திட்டினார்.

நன்றாகத் திட்டினார், அத்தை. விடுதிக்கு வந்து சேரும்வரை நிறுத்தவே இல்லை.

ஜூன் ஐந்தாம் தேதி காலையில் பள்ளிக்குக் கிளம்பவேண்டும். கடை வாசலில் நாயை மட்டும் கொஞ்சம் ஓரமாகப் படுக்கவைக்கப் பழக்குங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகள்